திராட்சை மேல இருக்கிற வெள்ளைப் பூச்சு மருந்தா? கொடைரோடு பந்தலில் இருந்து ஒரு பூஞ்சைக்கொல்லி பாடம்

மதுரையில் இருந்து திண்டுக்கல்லுக்கு நான்குவழிச் சாலையில் போகிறவர்களுக்கு கொடைரோடு டோல்கேட் நன்றாகவே தெரியும். அந்தப் பகுதியில் சீசன் நேரத்தில் சாலையோரம் கருநீல பன்னீர் திராட்சையைக் குவித்து வைத்து விற்பார்கள். வாங்கி காருக்குள் வைத்ததும் யாராவது ஒருவர் கேட்கும் கேள்வி இது: "மேல வெள்ளையா இருக்கே, மருந்தா?"

பதில் உங்களை ஆச்சரியப்படுத்தலாம். பழம் முழுக்க ஒரே சீராகப் படிந்திருக்கும் அந்த மெல்லிய வெண்படலம் பெரும்பாலும் திராட்சை தானே சுரக்கும் மெழுகு. பழத்தின் ஈரம் சீக்கிரம் காய்ந்துவிடாமல் அது காக்கிறது. திட்டுத்திட்டாக, சொட்டு காய்ந்த தடம் போலத் தெரிந்தால் அது தெளித்த மருந்தின் மிச்சமாக இருக்கலாம். அல்லது ரோட்டுத் தூசியாகவும் இருக்கலாம்.

ஆனா, கேள்வி தப்பில்லை. ஏனென்றால் இந்தச் சமவெளியில் மருந்தே தெளிக்காமல் பன்னீர் திராட்சை எடுப்பது ரொம்பக் கஷ்டம். அந்த மருந்துகளில் முக்கியமானவை பூச்சியைக் கொல்பவை அல்ல, பூஞ்சையைக் கொல்பவை. பூச்சிக்கொல்லி பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பூஞ்சைக்கொல்லி பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அது ஏன் தேவைப்படுகிறது, எப்படி வேலை செய்கிறது, ஏன் சில நேரம் வேலை செய்யாமல் போகிறது, நம் தட்டுக்கு எவ்வளவு வருகிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'செவட்டை' என்றால் என்ன?

சிறுமலை அடிவாரத்தில் வெள்ளோடு, சின்னாளபட்டி, கொடைரோடு, ஜாதிகவுண்டன்பட்டி என்று பந்தல் போட்ட திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. இங்கே விளைவது மஸ்கட் ஹேம்பர்க் என்ற ரகம். நம்ம ஊரில் அதன் பெயர் பன்னீர் திராட்சை. இந்தத் தோட்டக்காரர்கள் அதிகம் பயப்படும் வார்த்தை 'செவட்டை'. வேளாண் அலுவலர்கள் இதை அடிச்சாம்பல் நோய் என்று எழுதுவார்கள்.

முதலில் இலையின் மேல் பக்கம் எண்ணெய் பட்டது போல மஞ்சள் புள்ளிகள் வரும். இலையைத் திருப்பிப் பார்த்தால் அதே இடத்தில் வெள்ளைப் பஞ்சு போலப் படர்ந்திருக்கும். பிறகு இலை பழுப்பாகிக் கருகும். பூங்கொத்திலோ பிஞ்சிலோ பிடித்துவிட்டால் அந்தக் கொத்து அவ்வளவுதான்.

இதற்குக் காரணமான கிருமியின் பெயர் பிளாஸ்மோபாரா விட்டிகோலா. கறாராகச் சொன்னால் இது பூஞ்சையே கிடையாது. பூஞ்சை போலவே வாழும், ஆனால் பாசிகளுக்கு நெருங்கிய உறவான ஒரு இனம். இலையில் சில மணி நேரம் ஈரம் நின்றால் போதும். அதன் வித்துகள் அந்த மெல்லிய நீர்ப்படலத்தில் நிஜமாகவே நீந்திப் போய், இலை மூச்சுவிடும் துளைகள் வழியாக உள்ளே நுழைந்துவிடும். சாதகமான வானிலை அமைந்தால் ஒரு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை வித்துகள் தயார்.

பிரான்ஸிலோ இத்தாலியிலோ குளிர்காலத்தில் திராட்சைக் கொடி இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். நோய்க்கும் ஒரு இடைவெளி கிடைக்கும். நம்ம பக்கம் அந்த இடைவெளி கிடையாது. டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்து ஏப்ரல், மே மாதங்களில் ஒரு அறுவடை. மே, ஜூனில் மறுபடி கவாத்து செய்து ஆகஸ்ட், செப்டம்பரில் இன்னொரு அறுவடை. ஆண்டு முழுக்கக் கொடியில் பச்சை இருக்கும். பக்கத்துத் தோட்டக்காரர் வேறு தேதியில் கவாத்து செய்திருப்பார். கிருமிக்கு எப்போதும் எங்காவது ஒரு இளம் இலை காத்திருக்கிறது.

சரி, ஈரம் இல்லாத மாதங்களில் நிம்மதியா? அதுவும் இல்லை. அப்போது சாம்பல் நோய் வரும். இலையிலும் பிஞ்சிலும் திருநீறு தூவியது போல இருக்கும். இது உண்மையான பூஞ்சை. இதற்கு இலையில் தண்ணீர் நிற்க வேண்டிய அவசியமே இல்லை, காற்றில் ஈரப்பதம் இருந்தால் போதும்.

திருடனைப் பயமுறுத்தப் போய்க் கிடைத்த மருந்து

செவட்டைக்கு எதிரான முதல் ஆயுதம் கிடைத்த கதையும் ஒரு சாலையோரத் திராட்சைத் தோட்டத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் அது பிரான்ஸில்.

19-ம் நூற்றாண்டில் பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை வேரைத் தின்னும் ஒரு பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. அதைத் தாங்கும் கொடிகளை அமெரிக்காவில் இருந்து இறக்குமதி செய்தார்கள். அந்தக் கொடிகளோடு செவட்டைக் கிருமியும் கப்பலேறி வந்துவிட்டது. 1878-ல் பிரான்ஸில் அது கண்டறியப்பட்டது. ஒன்றுக்கு மருந்து தேடப் போய் இன்னொன்றை வாங்கி வந்த கதை.

போர்டோ பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் பியர் மில்லார்டே, 1882-ல் மெடோக் பகுதியில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். தோட்டம் முழுக்க நோய் தாக்கியிருக்க, சாலையை ஒட்டிய வரிசைகளில் மட்டும் இலைகள் பச்சையாக இருந்தன. விசாரித்தால், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்க மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அந்த வரிசைகளில் தெளித்திருக்கிறார்கள். நீலமாகவும் வெள்ளையாகவும் பூசியது போலத் தெரிந்தால் யார் பறிப்பார்கள்? திருடனுக்காகத் தெளித்தது கிருமியைத் தடுத்திருந்தது.

மில்லார்டே சோதனைகள் செய்து 1885-ல் முடிவுகளை வெளியிட்டார். அதுதான் போர்டோ கலவை. 140 ஆண்டுகள் கழித்தும் நம்ம ஊரில் அதே பெயரில், ஏறக்குறைய அதே செய்முறையில் பயன்படுகிறது. 1 சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். 1 கிலோ சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரில் கரைக்க வேண்டும். பிறகு துத்தக் கரைசலை சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். உலோகப் பாத்திரம் கூடாது, பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம்தான்.

கலவை சரியா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு இரும்புக் கத்தியை உள்ளே முக்கி எடுத்தால் போதும். கத்தியில் செம்பழுப்பாகத் தாமிரம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு போட வேண்டும் என்று அர்த்தம். இல்லாவிட்டால் இலையே கருகிவிடும். கலந்த அன்றே தெளித்துவிடவும் வேண்டும்.

ஹெல்மெட்டா, சிகிச்சையா?

பூஞ்சைக்கொல்லி பற்றி ஒரே ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நமக்குக் காய்ச்சல் வந்த பிறகு மாத்திரை போடுகிறோம். பூஞ்சைக்கொல்லி பெரும்பாலும் அப்படி வேலை செய்வதில்லை. அது ஹெல்மெட் மாதிரி, விபத்துக்கு முன்னாடியே போட்டிருக்க வேண்டும்.

போர்டோ கலவை, மான்கோசெப், நனையும் கந்தகம் போன்றவை இலையின் மேற்பரப்பில் மட்டும் நிற்பவை. வித்து வந்து விழுந்து முளைக்கும்போது அங்கேயே அதைக் கொல்லும். உள்ளே நுழைந்துவிட்ட கிருமியை இவை தொட முடியாது. மழை பெய்தால் கரைந்து போகும். புதிதாக வந்த தளிரில் மருந்தே இருக்காது.

கார்பன்டாசிம், மெட்டலாக்சில், டெபுகோனசோல், அசாக்ஸிஸ்ட்ரோபின் போன்றவை இன்னொரு ரகம். இவை ஓரளவு இலைக்குள் ஊடுருவும். சில, சாறோடு சேர்ந்து தளிர் வரை போகும். நோய் நுழைந்த முதல் ஓரிரு நாட்களில் தெளித்தால் பரவலைத் தடுக்கவும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் கருகிப்போன இலையை மறுபடி பச்சையாக்கும் மருந்து எதுவும் இல்லை.

அதனால் நோய் கண்ணுக்குத் தெரிந்த பிறகு அளவைக் கூட்டித் தெளிப்பது பல நேரம் காசைக் கரைப்பதுதான். மழைக்கு முன் தெளிக்கவா, பின் தெளிக்கவா என்ற முடிவில்தான் ஒரு பருவத்தின் வரவு செலவே நிற்கிறது.

இது திராட்சைக்கு மட்டுமா?

திராட்சை இல்லாமல் நம்மால் இருக்க முடியும். சின்ன வெங்காயம் இல்லாமல் சாம்பார் வைக்க முடியுமா?

திண்டுக்கல் வெங்காயப் பேட்டை தமிழ்நாட்டின் முக்கியமான சின்ன வெங்காயச் சந்தைகளில் ஒன்று. இந்தப் பயிருக்கும் எதிரிகள் பூஞ்சைகள்தான். தாள் முறுக்கிக்கொண்டு கோழிக்கால் போலச் சுருண்டால் அது திருகல் நோய். விவசாயிகள் கோழிக்கால் நோய் என்றே சொல்வார்கள். தாளில் ஊதா நிறக் கருகல் வந்தால் அது இன்னொரு பூஞ்சை. காய் அடியில் அழுகினால் மண்ணில் இருக்கும் ஃபியூசேரியம். விலை ஏறட்டும் என்று பட்டறை போட்டுக் காத்திருந்தால் அங்கேயும் ஒன்று வரும். வெங்காயத்தை உரிக்கும்போது மேல் தோலில் கருப்புப் பொடி பார்த்திருப்பீர்களே, அது ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சை.

வெங்காயத் தாளிலும் திராட்சை போலவே மெழுகு உண்டு. நேராக நிற்கும் அந்த வழவழப்பான தாளில் தெளித்த மருந்து உருண்டு கீழே விழுந்துவிடும். அதனால்தான் மருந்தோடு ஒட்டுத்திரவம் சேர்க்கச் சொல்கிறார்கள். இதை விட்டுவிட்டால், மருந்துக்குக் கொடுத்த காசில் பெரும்பகுதி மண்ணுக்குப் போகும்.

உலக அளவில் பார்த்தால் விஷயம் இன்னும் பெரியது. 2019-ல் 'நேச்சர் எகாலஜி அண்ட் எவல்யூஷன்' இதழில் வந்த ஆய்வு, நோய்களும் பூச்சிகளும் சேர்ந்து உலக நெல் விளைச்சலில் சுமார் 30 சதவீதத்தையும், கோதுமையில் 21.5 சதவீதத்தையும், உருளைக்கிழங்கில் 17.2 சதவீதத்தையும் பறிப்பதாக மதிப்பிட்டது. 2023-ல் 'நேச்சர்' இதழில் இவா ஸ்டுகன்புரோக், சாரா கர் என்ற இரு விஞ்ஞானிகள் பூஞ்சைகளை மட்டும் தனியாகப் பார்த்தார்கள். மருந்து தெளித்த பிறகும்கூட ஆண்டுக்கு 10 முதல் 23 சதவீதம் வரை விளைச்சல் பூஞ்சை நோய்களுக்குப் போகிறது, அறுவடைக்குப் பிறகு இன்னும் 10 முதல் 20 சதவீதம் போகிறது என்று எழுதினார்கள். நெல், கோதுமை, மக்காச்சோளம், சோயா, உருளைக்கிழங்கு ஆகிய ஐந்தில் மட்டும் இப்படி வீணாவது குறைந்தது 60 கோடிப் பேருக்கு ஓராண்டுக்கான சாப்பாடு.

மருந்து இல்லாத காலத்தில் என்ன நடந்தது?

1845-ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களில் கருகல் நோய் பரவியது. அந்தக் கிருமி, செவட்டைக் கிருமிக்கு ஒன்றுவிட்ட உறவு. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் பசியிலும் நோயிலும் இறந்தார்கள். அதற்கும் அதிகமானவர்கள் நாட்டை விட்டே போனார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை இலங்கையில் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் கிராமங்களில் இருந்து ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்து கண்டிச் சீமைக்குப் போனது முதலில் தேயிலைக்காக அல்ல, காபிக்காக. 1869-ல் அங்கே காபி இலைத்துரு நோய் பதிவானது. ஹாரி மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலாளரை 1880-ல் அனுப்பி ஆராயச் சொன்னார்கள். நோய்க்குக் காரணமான பூஞ்சை இலையை எப்படித் தாக்குகிறது என்று அவர் விளக்கினார். ஆனால் போர்டோ கலவை உலகத்துக்குத் தெரியவந்த 1885-க்குள் இலங்கையில் காபியின் கதை ஏறக்குறைய முடிந்திருந்தது. காபி போய்த் தேயிலை வந்தது. இன்று மலையகத் தமிழர்கள் என்றாலே தேயிலை ஞாபகம் வருவதற்கு ஒரு பூஞ்சையும் காரணம். அதே துரு நோய் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காபித் தோட்டங்களுக்கும் உண்டு. அங்கே இன்றும் போர்டோ கலவை தெளிக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பூஞ்சை மட்டுமே பஞ்சத்தை உண்டாக்குவதில்லை. பஞ்ச காலத்திலும் அயர்லாந்தில் இருந்து தானியம் ஏற்றுமதியானது. 1943 வங்கப் பஞ்சத்துக்கு முந்தைய ஆண்டு நெல்லைப் பழுப்புப் புள்ளி நோய் தாக்கியதை கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஸ்.ஒய்.பத்மநாபன் 1973-ல் சுட்டிக்காட்டினார். போர்க்கால விலையேற்றமும் ஏழைகளிடம் வாங்கும் சக்தி இல்லாததும்தான் பெரிய காரணம் என்று அமர்த்தியா சென் 1981-ல் வாதிட்டார். நோய் விளைச்சலைக் குறைக்கும். யார் பட்டினி கிடப்பது என்பதை அரசும் சந்தையும் தீர்மானிக்கின்றன.

போன வருஷம் கேட்ட மருந்து, இந்த வருஷம் ஏன் கேட்கவில்லை?

இனி வருவதுதான் இன்றைய உண்மையான பிரச்சினை. போர்டோ கலவை, மான்கோசெப் போன்ற பழைய மருந்துகள் கிருமியை ஒரே நேரத்தில் பல இடங்களில் தாக்கும். புதிய மருந்துகள் பெரும்பாலும் ஒரே ஒரு இடத்தைக் குறிவைக்கும். பல பூட்டு போட்ட கதவுக்கும் ஒரே பூட்டு போட்ட கதவுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஒரு தோட்டத்தில் கோடிக்கணக்கான வித்துகள் இருக்கும். அதில் ஒன்றிரண்டில் அந்தப் பூட்டுக்கு மட்டும் சாவி இருக்கலாம். மருந்து மற்ற எல்லாவற்றையும் கொன்றுவிடும். சாவி வைத்திருப்பது மட்டும் பெருகும். அதே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிக்கும்போது நாமே அவற்றைப் பொறுக்கியெடுத்து வளர்க்கிறோம்.

மெட்டலாக்சில் 1970-களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்தது. 1980-லேயே அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் உருளைக்கிழங்குக் கருகல் கிருமி அதைத் தாங்கத் தொடங்கிவிட்டது. அசாக்ஸிஸ்ட்ரோபின் வகை மருந்துகள் 1996-ல் வந்தன. இரண்டே ஆண்டுகளில் ஜெர்மனியில் கோதுமை சாம்பல் நோயிடம் அது தோற்கத் தொடங்கியது. நம் நாட்டில் மகாராஷ்டிரத் திராட்சைத் தோட்டங்களில் செவட்டைக் கிருமி இதே வகையைத் தாங்குவது பதிவாகியிருக்கிறது.

இதில் விவசாயி மாட்டிக்கொள்ளும் இடம் மருந்துக்கடை கவுண்டர். "போன தடவை கொடுத்தது கேட்கல, வேற கொடுங்க" என்று கேட்பார். வேறு பெயரில், வேறு நிறப் பாக்கெட் கிடைக்கும். உள்ளே இருப்பது அதே மருந்தாக இருக்கலாம். அல்லது பெயர் வேறாக இருந்தாலும் அதே பூட்டைப் போடும் பங்காளி மருந்தாக இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. பாக்கெட்டில் பெரிதாக இருக்கும் பெயரை விடுங்கள், கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரின் வாலைப் பாருங்கள். டெபுகோனசோல், ஹெக்சாகோனசோல், புரோபிகோனசோல் என்று 'கோனசோல்' என முடிபவை எல்லாம் ஒரே குடும்பம். அசாக்ஸிஸ்ட்ரோபின், பைராக்ளோஸ்ட்ரோபின் என்று 'ஸ்ட்ரோபின்' என முடிபவை இன்னொரு குடும்பம். அடுத்த தெளிப்புக்குக் குடும்பத்தையே மாற்ற வேண்டும், பிராண்டை மாற்றினால் போதாது. நடுவே போர்டோ கலவை போன்ற பல பூட்டு மருந்தைச் சேர்த்துக்கொள்வதும் நல்லது. உங்கள் வீட்டில் யாராவது விவசாயம் செய்தால் இந்த ஒரு வரியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

'கோனசோல்' என்ற வாலை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? மெடிக்கல் ஷாப்பில் பார்த்திருப்பீர்கள். படர்தாமரைக்குத் தரும் ஃப்ளூகோனசோல், நுரையீரல் பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் வோரிகோனசோல் எல்லாம் அதே குடும்பம். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற மண் பூஞ்சை நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களின் நுரையீரலைத் தாக்கும். வயலில் தெளிக்கும் மருந்தைப் பார்த்துப் பழகிய பூஞ்சை, ஆஸ்பத்திரி மருந்தையும் தாங்குகிறது என்ற கவலை உலக அளவில் இருக்கிறது. இந்தியாவிலும் நெல் வயல், தேயிலைத் தோட்ட மண்ணில் அப்படிப்பட்ட பூஞ்சை கண்டறியப்பட்டதாக 2012-ல் ஆய்வு வந்தது. 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகள் பட்டியலில், மிக அவசரமான முதல் பிரிவில் இதுவும் இருக்கிறது.

எல்லா நோய்க்கும் இதே மருந்தா?

இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் செய்யும் செலவு அதிகம்.

திண்டுக்கல் மாவட்டத்துக்குப் பெருமை சேர்த்த விருப்பாச்சி, சிறுமலை மலைவாழைகளை நினைத்துப் பாருங்கள். இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. அவற்றின் பரப்பை வெகுவாகச் சுருக்கியது முடிக்கொத்து நோய். அது வைரஸ், அசுவினி வழியாகப் பரவுகிறது. எந்தப் பூஞ்சைக்கொல்லியும் அதன் மேல் வேலை செய்யாது. நோயில்லாத கன்று நடுவதும், நோய் வந்த மரத்தை உடனே அகற்றுவதும்தான் வழி.

வாழை வாடல் நோய் பூஞ்சைதான். ஆனால் அது மண்ணில் இருந்து வேர் வழியாக உள்ளே போகிறது. இலையில் தெளிக்கும் மருந்து அங்கே போய்ச் சேராது. அதனால் "இலை மஞ்சளாயிடுச்சு, மருந்து கொடுங்க" என்பதற்கு முன்னால் வர வேண்டிய கேள்வி, "இது என்ன நோய்?"

நம்ம தட்டுக்கு எவ்வளவு வருகிறது?

ஒவ்வொரு மருந்துக்கும் காத்திருப்புக் காலம் என்று ஒன்று உண்டு. கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் நடுவே விட வேண்டிய நாட்கள் அவை. உணவில் எவ்வளவு மிச்சம் இருக்கலாம் என்ற உச்சவரம்பை நம் நாட்டில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ நிர்ணயிக்கிறது. காத்திருப்புக் காலத்தை மதித்தால் மிச்சம் பொதுவாக வரம்புக்குள் இருக்கும். நல்ல விலை போகிறதே என்று முந்தாநாள் தெளித்துவிட்டு இன்று பறித்தால் இருக்காது.

ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் பழத்தின் மேல் நிற்கும் மருந்தில் ஒரு பகுதி போகும். உள்ளே ஊடுருவியது போகாது. உப்பு, மஞ்சள் போட்டு ஊறவைத்தாலும் அது வெளியே வராது. எனவே நம் பாதுகாப்பு பாதி நம் சிங்க்கில், மீதி தோட்டத்தில்.

சட்டம் என்ன சொல்கிறது? 2020-ல் மத்திய அரசு 27 மருந்துகளைத் தடை செய்ய வரைவு வெளியிட்டது. மான்கோசெப், கார்பன்டாசிம் இரண்டும் அதில் இருந்தன. 2023-ல் இறுதி உத்தரவு வந்தபோது முழுத் தடை மூன்றுக்கு மட்டும் வந்தது. அதில் ஒன்றான டைனோகேப், சாம்பல் நோய்க்குப் பயன்பட்ட பூஞ்சைக்கொல்லி. ஐரோப்பிய ஒன்றியமோ 2020 டிசம்பரிலேயே மான்கோசெப்பின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. இனப்பெருக்கத்தையும் ஹார்மோனையும் பாதிக்கும் அபாயம் அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணங்கள். நெல் குலை நோய்க்கான ட்ரைசைக்ளசோல் மிச்சத்தின் வரம்பை 2018 முதல் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாக ஐரோப்பா குறைத்தபோது, நம் பாசுமதி ஏற்றுமதியாளர்கள் திணறிப்போனார்கள்.

"அப்போ பழைய போர்டோ கலவையே போதுமே, இயற்கையானதுதானே" என்று தோன்றும். தாமிரம் மட்கிப் போகாது. தெளிக்கத் தெளிக்க மண்ணில் சேர்ந்துகொண்டே இருக்கும், மண்புழுவுக்கு ஆகாது. ஐரோப்பாவில் ஏழு ஆண்டுகளுக்கு ஒரு ஹெக்டேரில் 28 கிலோவுக்கு மேல் தாமிரம் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

அதிக ஆபத்தில் இருப்பது நாம் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. பந்தலுக்குக் கீழே நின்று, தலைக்கு மேலே மருந்தடிக்கும் தொழிலாளி மேல்தான் முதல் சொட்டு விழுகிறது. பாக்கெட்டில் இருக்கும் முக்கோணத்தின் நிறம் நச்சின் அளவைச் சொல்லும். சிவப்பு மிக அதிகம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பல பூஞ்சைக்கொல்லிகளில் பச்சை முக்கோணம்தான் இருக்கும். பச்சை என்றால் உடனடி ஆபத்து குறைவு என்று அர்த்தம். வெறும் கையால் கலக்கலாம், முகத்தில் துணி கட்டாமல் அடிக்கலாம் என்று அர்த்தமில்லை.

மருந்தைக் குறைக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, அதில் பெரும்பாலானவை கடையில் விற்பதில்லை. கவாத்து செய்த கழிவைத் தோட்டத்திலேயே போடாமல் அகற்றினால் நோயின் விதை குறையும். பந்தலில் இலையடர்த்தியைக் குறைத்தால் காற்றோட்டம் கிடைத்து ஈரம் சீக்கிரம் காயும். நீந்த நீர் இல்லாத கிருமி என்ன செய்யும்? வெங்காயத்தில் நோயில்லாத விதைக்காயைத் தேர்ந்தெடுத்து, டிரைக்கோடெர்மா விரிடி போன்ற நன்மை செய்யும் பூஞ்சையில் நேர்த்தி செய்து நட்டால் அடியழுகல் குறையும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் இவற்றைத்தான் பரிந்துரைக்கிறது.

இன்னொரு வழி, தேதி பார்த்துத் தெளிப்பதை விட்டுவிட்டு வானிலை பார்த்துத் தெளிப்பது. மூன்று நாள் வெயில் காயும் என்றால் செவட்டைக்கான ஒரு தெளிப்பை மிச்சப்படுத்தலாம். புனேயில் உள்ள தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம் வானிலையை வைத்துத் தோட்டக்காரர்களுக்கு ஆலோசனை வெளியிடுகிறது. நம்ம பக்கம் காந்திகிராமத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. தமிழக அரசின் உழவன் செயலி இருக்கிறது. 1800-180-1551 என்ற விவசாயிகள் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஆனால் நடைமுறையில், நோய் வந்த இலையைக் கையில் எடுத்துக்கொண்டு விவசாயி முதலில் போவது மருந்துக்கடைக்குத்தான். பல நேரம் கடனுக்கு மருந்து கிடைக்கும் இடமும் அதுதான். அங்கே கிடைக்கும் ஆலோசனைதான் எந்த மருந்து, எத்தனை தடவை, எவ்வளவு அளவு என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த மருந்து எத்தனை வருஷம் தாங்கும் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. புதிதாக ஒரு பூஞ்சைக்கொல்லி கண்டுபிடித்துச் சந்தைக்குக் கொண்டுவர ஆண்டுக்கணக்கில் ஆகும். அதைக் கெடுக்க, மேலே பார்த்தது போல இரண்டு வருஷம் போதும்.

ஒரு தோட்டத்தில் பழகிய கிருமி பக்கத்துத் தோட்டத்துக்குப் போக எந்த வேலியும் தடையில்லை. அதனால் இந்த மருந்துகள், ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி. ஒருவர் கணக்கில்லாமல் இறைத்தால் எல்லோருக்கும் வற்றும். அடுத்த முறை திராட்சை வாங்கும்போது மேலே இருக்கும் வெள்ளைப் பூச்சைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முடிந்தால் விற்பவரிடம் இதைக் கேளுங்கள்: "கடைசியா மருந்தடிச்சு எத்தனை நாளாச்சு?" நாலு பேர் கேட்டால், அந்தக் கேள்வி தோட்டம் வரைக்கும் போகும்.